லாட்டில் ஒன்று

மேசை மேல் புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்க் கேஸின் நீல விளக்கு அணையாமல் எரிகிறது. இப்படி அணையாத ஒரு விளக்குக்காக என் மனைவி என்னிடம் வெகுநாள் கேட்டிருக்கிறாள். வாங்கிவிட்டேன். பார்க்கத்தான் அவள் இல்லை.

அவள் எங்கள் ஊர் ராயபுரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தாள். பள்ளிக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் பழகி, வீட்டிலும் அதையே வைத்துக்கொண்டாள். ஓய்வு பெற்றபின், பழைய கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் குடும்பப் படங்களையெல்லாம் சேர்த்துவைக்க ஆசைப்பட்டாள். அதை உள்ளே வைத்து, வயரால் கணினியோடு மாட்ட ஒரு கேஸ் வேண்டும். "ஏனுங்க, லினக்ஸுக்கு ஒத்துப்போறதா பாத்து வாங்குங்க. உள்ள என்ன சிப்புன்னு மறக்காம கேளுங்க. கரண்டும் தனியா வரோணும்" என்றாள்.

நான் பனியன் வியாபாரி. காதர்பேட்டை மொத்தக் கடைகளில் பழகிய கைக்கு ஒற்றைப் பீஸ் வாங்க வராது. ஆபீசுக்கும் சேர்த்து மொத்தமாக எடுத்தேன். சிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. நாலைந்து பீஸைச் சோதித்து, அவை சரியென்றால் சரக்கின் முழு லாட்டையும் பாஸ் செய்வது எங்கள் தொழில் வழக்கம். ஆபீஸ் கணினிகளில் மாட்டினோம், ஓடின. லாட் பாஸ். அதில் ஒன்றை அவளுக்குக் கொண்டுவந்தேன்.

அவளுடைய கணினியில் அது நிலைக்கவில்லை. நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும்.

"மறுபடி அத்துப்போச்சுங்க."

"மத்ததெல்லாம் ஓடுதில்ல? உன்ற லினக்ஸுதான் டேமேஜு."

"அப்ப ஒரே சைஸ் பனியன ஊருக்கே மாட்டி உட்ருவீங்களாட்ட இருக்குது."

இதை ஆபீசில் சொல்லிச் சிரித்தேன். வேறு வாங்கித் தரவில்லை. அவள் வயரை விரலால் அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு படமாக ஏற்றினாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். சமாதானமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் போனபின், வெளியூரில் இருக்கும் மகள் ஒரு வீடியோ கேட்டாள். அம்மா ஓய்வு பெற்ற அன்று வீட்டில் மகளே எடுத்தது. எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற என் மனைவி முன்னால் நின்ற ஒரே வீடியோ அது. கடைக்குப் போய்ச் சிப்பைக் கேட்டேன், லினக்ஸைச் சொன்னேன், தனி அடாப்டரோடு ஒரே ஒரு கேஸ் வாங்கினேன். அவள் கணினியில் மாட்டியதும் படங்கள் வரிசையாக வந்தன.

வீடியோவில் அவள் கேக்குக்கு முன்னால் நிற்கிறாள். கையில் கத்தி. "வெட்டுங்கம்மா" என்கிறது மகளின் குரல். அவள் வாசல் பக்கம் திரும்பி, "இரு கண்ணு, உங்கப்பா வந்தரட்டும்" என்கிறாள். அத்தோடு நின்றுவிடுகிறது. டிஸ்க்கில் ஏற்றியபோது நகல் பாதியில் அறுந்தது தெரியாமல், கேமராவில் இருந்ததை அழித்துவிட்டிருக்கிறாள்.

அன்று நான் நேரத்துக்கு வந்தேனா? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. மகளுக்குத் தெரியும். கேட்கத் துணிவில்லை. நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. திரையில் அவள் வாசலைப் பார்த்தபடி நிற்கிறாள்.