சில்வியா டீச்சரின் ஷிப்ட் சார்ட்

ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹாலில் ஞாயிறுதோறும் பெண்பிள்ளைகளுக்கு ஆண் பெண் சமத்துவம் கற்பிக்கும் மாபெரும் பொறுப்பு சில்வியாவுடையது. வாரநாளில் அவர் விடியற்கால ரயிலேறிப் பெங்களூர் ஆபீசுக்குப் போய்வரும் சாதாரண மனுஷி. ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடினாலும் வீடுகளில் ஷிப்ட் மூடவில்லை என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. அதனால் வீட்டில் யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு நிரந்தர லீவு என்று ஆளுக்கொரு சார்ட் எழுதிவரச் சொன்னார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: "உத்தரவு போட்டவர்."

வந்த சார்ட்டுகளில் அப்பாக்களும் அண்ணன்களும் வசமாக மாட்டினார்கள். சில்வியா பூரித்துப்போனார். அப்புறம் அவர் மகள் ஸ்வீட்டி எழுந்தாள்.

"ஃப்ரெடி அண்ணன் ரயில்ல பெங்களூர் காலேஜ் போறான். எனக்கும் அங்க சீட் கெடச்சிக்கீது. பொண்ணுக்கு ரயில் வாணாம், பக்கத்துல ராபர்ட்சன்பேட்டை காலேஜே போதும்னு ஆர்டர். போட்டவங்க பேரை எழுதட்டுமா, டீச்சர்?"

"வீட்டு விஷயத்த இங்க இன்னாத்துக்குடி இழுக்கிற?"

"நாங்க மட்டும் ஊர் விஷயமா எழுதினோம், ஆன்ட்டி?" என்றாள் பின்பெஞ்சு வின்னி.

ஹாலே சிரித்தது. இருபது வருடமாக அதே ரயிலில் போகும் சில்வியா, குறையாத கம்பீரத்தோடு மகளின் சார்ட்டை வாங்கி, கடைசிக் கட்டத்தில் தன் பெயரைத் தானே எழுதினார்.

"நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ரயில். போயி அட்மிஷன் போட்டுரலாம். டிபன் கட்டுற ஷிப்ட் ஃப்ரெடிக்கு."