லியூ தன் வீட்டைக் குறை சொல்லப் போன காலை

வியட்நாமின் சா டெக் ஊர்ச் சந்தையில் இருபத்து நான்கு வருஷமாக நூடுல்ஸ் சூப் விற்கிற லியூவுக்கு எதையும் பேரம் பேசி வாங்கத் தெரியும். எலும்பானாலும் வெங்காயத்தாளானாலும், விலை சொல்லி முடிப்பதற்குள் நாலு குறை கண்டுபிடித்துவிடுவாள். அதனால், விவாகரத்து வழக்குக்காக வீட்டை மதிப்புப் போட ஆள் வருகிறார் என்றதும் அவளுடைய வக்கீல் ஹன் கவலையே படவில்லை.

"வீடு உங்களுக்கு, பாதி விலை உங்க வீட்டுக்காரருக்கு. மதிப்பு குறைஞ்சா உங்களுக்குத்தான் லாபம். குறையை மட்டும் காட்டுங்க அக்கா, போதும்," என்றாள்.

கணவன் கியெம் சண்டைக்காரன் இல்லை. வருஷத்தில் பத்து மாதம் தெற்கே கா மா என்ற ஊரில் இறால் பண்ணையில் வேலை. ஊருக்கு வந்தால் வலை ஊஞ்சலில் படுத்து ரேடியோ கேட்பான். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இருவருக்கும் பேச விஷயமே இல்லாமல் போயிற்று.

மதிப்பீட்டாளர் விங் அளவு நாடாவோடு வந்தார். கியெமும் வந்து ஓரமாக நின்றுகொண்டான்.

"முன்னறைச் சுவரைப் பாருங்க தம்பி, வெள்ளக் கறை. கூரை வேற ஒழுகும்," என்று லியூ நன்றாகத்தான் ஆரம்பித்தாள். விங் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பின்கட்டுக்குப் போனதும், "சமையலறை, சாதாரணம்," என்று முணுமுணுத்தபடி எழுதினார்.

"என்ன எழுதினீங்க?"

"சாதாரணம்னு, அக்கா."

"சாதாரணமா? தரையை மிதிச்சுப் பாருங்க. வெள்ளம் ஏறக்கூடாதுன்னு ரெண்டடி உசத்திக் கட்டினது. ஒவ்வொரு செங்கல்லும் நான் படகுலேர்ந்து இறக்கினது. கலவை சரியில்லைன்னு கொத்தனாரை ரெண்டு தடவை இடிச்சுக் கட்ட வச்சிருக்கேன்."

விங் மிதித்துப் பார்த்தார். லியூ ஏணியைச் சாத்தி அவரை உத்தரம் வரை ஏற்றிவிட்டாள்.

"கூரை ஒழுகும்னீங்களே?"

"அது போன வருஷம். நானே ஏறித் தகடு மாத்திட்டேன். அந்தக் கறையும் வெள்ளையடிச்சாப் போயிடும். சுவத்துல ஒரு விரிசல் காட்டுங்க, பார்க்கலாம்."

கியெமுக்குப் பொறுக்கவில்லை. "லியூ, வாயை மூடு. உனக்குத்தான் நஷ்டம்."

"நீங்க பேசாதீங்க. இதைக் கட்டறப்ப நீங்க இங்க இருந்தீங்களா?"

"இல்ல," என்றான் அவன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையைக் குதிகாலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தான். பிறகு விங்கிடம் சொன்னான்: "அவ சொல்றதை எல்லாம் எழுதிக்குங்க தம்பி. ஒண்ணும் விடாதீங்க."

லியூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். இருவரும் சேர்ந்து சிரித்து எத்தனை காலம் ஆயிற்றென்று இருவருக்குமே நினைவில்லை.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. நூற்று அறுபத்திரண்டு கோடி டோங்; நம் ரூபாயில் ஐம்பது லட்சத்துக்கு மேல். ஹன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நூத்திப் பத்துல முடிச்சிருக்கலாமே, அக்கா."

"அது கிடக்கட்டும். தரம்னு ஒரு வரி இருக்கே, அதைப் படிங்க."

"கட்டுமானத் தரம், மிகச் சிறப்பு. உரிமையாளர் லியூவின் நேரடி மேற்பார்வையில் கட்டப்பட்டது."

"இன்னொரு தடவை."

ஹன் மூன்று தடவை படித்தாள். தன் பங்கை நாலு வருஷத்தில் கொடுத்தால் போதுமென்று கியெம் கையெழுத்துப் போட்டான்.

விவாகரத்துக் கிடைத்த மறுநாள் சந்தையில் லியூ எல்லாக் கிண்ணத்திலும் கறியை அள்ளிப் போட்டாள். "விவாகரத்து ஆனவ இப்படியாடி சிரிப்பா?" என்றாள் மீன்காரி.

"வீடு கட்டினவ சிரிப்பா," என்று சொல்லிவிட்டு, அந்த மதிப்பு அறிக்கையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.