வெறுந்தண்ணீரில் துத்தநாகம்

சிங்கப்பூர் புக்கிட் மேரா உர்சுலாவைத் தெரிந்தவர்களுக்கு அவளுடைய பயமும் தெரியும். லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள், மூச்சு வாங்க மாடிப்படியே ஏறுவாள். இடி இடித்தால் மாதாவைக் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ, ஆராய்ச்சிக்கூடத்தில் தீ எரிகிற மெஷின்! பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தில் துத்தநாகம் எவ்வளவு என்று அளந்து சொல்வது அது. புருஷன் போனபின் அந்த உத்தியோகம்தான் அவளுக்குச் சோறு.

எண்பத்து மூன்றாம் வருஷம் பயத்துக்கு நிஜமான காரணமே வந்தது. இங்கே வந்த அளவு தங்களுக்கு வரவில்லை என்று, அதே ரத்தத்தைச் சோதித்த லண்டன் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"மெஷினை எப்படி வச்சு ஓட்டுறீங்க, எந்த லேம்ப், தீ எவ்வளவு உயரம், ஒண்ணு விடாம எழுதுங்க. அதைப் பார்த்து யார் செஞ்சாலும் அதே நம்பர் வரணும்," என்றார் கூடத்தின் தலைவர் டாக்டர் இப்ராஹீம். அத்தோடு விட்டாரா? "உங்க கான்ட்ராக்ட்டும் இந்த மாசம் முடியுதில்ல," என்றும் சொல்லிவைத்தார்.

எல்லாம் எழுதியாயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் முன்னிலையில் கடைசிச் சோதனை. பயத்தில் வேர்த்துக் கொட்டியது. முகம் கழுவி, வழக்கம்போல வேர்க்குரு பவுடரை அப்பிக்கொண்டு வந்தாள், அன்றைக்கு இரண்டு பூச்சு.

முதலில் வெறும் சுத்தத் தண்ணீர். முள் பூஜ்யத்தில் நிற்கவேண்டும். ஏறியது.

"மறுபடி," என்றார் டாக்டர்.

புதுத் தண்ணீர் ஊற்றிக் குனிந்தாள். மறுபடியும் ஏறியது. கறுப்பு மேசையில், கிண்ணத்தைச் சுற்றி, வெள்ளையாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. பவுடர் டப்பாவின் முதுகில் அச்சடித்திருப்பது அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது: துத்தநாக ஆக்சைடு.

இரண்டு வருஷமாக அவள் அளந்தது குழந்தைகளின் ரத்தத்தையா, தன் முகத்தையா? பேசாமல் முகத்தைக் கழுவிவிட்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இந்த எண்களை நம்பித்தானே எந்தக் குழந்தைக்கு மருந்து என்று தீர்மானிக்கப் போகிறார்கள். டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், வேலையை விட்டு எடுத்துடாதீங்க. நான் பவுடர் போட்டிருக்கேன். தினமும் போடுவேன். அதுல துத்தநாகம் இருக்கு."

டாக்டரின் கை மெல்ல எழுந்து தன் சட்டைக் காலருக்குள் போனது. வெளியே வந்த விரல்கள் வெள்ளையாக இருந்தன.

"தொழுகைக்குக் கழுவிட்டு வந்து நானும் போடுறதுதான்," என்றார், குரல் உடைந்து. "தினமும் உங்க பக்கத்துலயே நின்னு குனிஞ்சு பார்த்திருக்கேனே."

அவருக்கும் பயம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"எழுதுங்க உர்சுலா. பவுடர் போட்டவங்க ரெண்டு பேர்னு எழுதுங்க. என் பேரை முதல்ல போடுங்க."