சீட்டில் உட்காராதவள்

எனக்குச் சைக்கிள் விடத் தெரியும் என்று கல்யாணமான நாளிலிருந்து கணவரிடம் பீற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. நாற்பத்தைந்து வயசு வரை சைக்கிள் சீட்டில் நான் ஒரு நாள்கூட உட்கார்ந்தது கிடையாது.

செகந்திராபாத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில், அப்பா வேலைக்குப் போகும் பெரிய சைக்கிள்தான் எனக்குக் கிடைத்தது. பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, சீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அரைப்பெடல் அடிப்பேன். உடம்பு ஒரு பக்கம் சாயும், சைக்கிள் இன்னொரு பக்கம். சந்துமுனையில் திரும்பும்போது பாவாடைக்குள் காற்று புகுந்து உப்பும். அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. "கால் எட்டட்டும், அப்புறம் சீட்டுல ஏறலாம்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

கால் எட்டிய வருஷமே நான் வயதுக்கு வந்தேன். "போதும், இனிமே சைக்கிள் நக்கோ" என்றாள் அம்மா. அன்றிலிருந்து அப்பா வீடு திரும்பியதும் சைக்கிளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

முப்பத்து மூன்று வருஷம் கழித்து, குஷாய்குடாவில் நாங்கள் இப்போது இருக்கும் அபார்ட்மெண்டுக்கு என் கணவர் ஒரு கியர் சைக்கிள் வாங்கி வந்தார். ஹெல்மெட், கையுறை, தண்ணீர் பாட்டில் என்று மாப்பிள்ளைக் கோலத்தில் நாலு நாள் ஓட்டினார். அதோடு சரி. பார்க்கிங்கில் தூசி படிந்து நின்ற அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. ஒரு நாள், அவர் ஆபீஸ் கிளம்பியதும் கீழே இறங்கினேன்.

ஹேண்டில்பாரைப் பிடித்ததுதான் தாமதம், வலது கால் தானாகப் பாருக்கு அடியில் நுழைந்தது. நாற்பத்தைந்து வயசுக் கால்! சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, சைக்கிளோடு சாய்ந்து, பக்கத்துத் தூணைக் கட்டிப்பிடித்துத் தப்பித்தேன். மறுநாளிலிருந்து இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி, தெத்தித் தெத்தி காம்பவுண்டுக்குள் சுற்றினேன். நாலடி உருண்டாலும் முகத்தில் அதே காற்று. ஆனால் காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட மட்டும் தைரியம் வரவில்லை. பத்து நாள் ஓடிப்போயிற்று. விழுந்துவிடுவேனோ என்று பயம். இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அதைவிடப் பயம்.

எங்களோடு இருக்கும் அம்மா, முதல் மாடி பால்கனியிலிருந்து தினமும் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எத்தன நாளுடி இப்படியே தெத்திக்கிட்டிருப்ப? சீட்டுல ஏறி உக்காரு!"

எனக்கு வந்த கோபம் இத்தனை வருஷம் எங்கே இருந்ததோ தெரியவில்லை. அபார்ட்மெண்ட் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"உக்கார விட்டியா நீ?"

அம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள்.

"ஹவ், ஆமா, நான்தான் உடல. இப்ப உன்ன யாரு புடிச்சிக்கிட்டிருக்கா?"

சாவி யார் இடுப்பிலும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சீட்டைக் கொஞ்சம் இறக்கினேன். காலைத் தூக்கிப் போட்டேன். முதல் தடவை செம்பருத்திச் செடிக்குள் போய் விழுந்து முட்டி சிராய்த்தது. அடுத்த தடவை கேட் வரை போய்விட்டேன். பன்னிரண்டு வயசில் கிடைத்திருக்க வேண்டிய இடம் இது என்று நினைத்ததும் அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது அம்மா மேலிருந்து கையாட்டினாள். அவள்மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பதிலுக்குக் கையாட்ட ஆசையாக இருந்தது. ஹேண்டில்பாரை விடத்தான் பயம். மணியை அடித்தேன். அவள் உள்ளே போகும்வரை அடித்துக்கொண்டே சுற்றினேன்.