மூச்சு முட்டிய லாரி

லாரியின் புகைக்குழாயில் பெயிண்ட் வெந்து உரியும் நாற்றம் பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால், அன்றைக்கு வசவில் அப்பாவின் வாயும் நாறப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு நான் வீட்டோடு இருந்த வருஷம் அது. வண்டிக்கு "இழுவை" போய்விட்டது. மேடு ஏறினால் கட்டைவண்டியாக ஊர்ந்து, கரும்புகை கக்கி, இஞ்சினை ஒட்டிய குழாய் நெருப்பாகச் சிவந்து வந்து நிற்கும்.

டிரைவர் காதர் அண்ணன் டீசலைத் திருடிவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார் என்பது அப்பாவின் கட்சி.

"தொட்டிய மோந்து பாரு மொதலாளி, கிருஷ்ணாயில் வாசன கீதா? டீசல் பம்பையும் பிரிச்சுப் பாத்தாச்சு. இஞ்சினுக்குக் காத்து பத்தல" என்று அண்ணன் காட்டிய இடத்தில், காற்றை உள்ளே இழுக்கும் குழாயின் வாயில், ஒரு துணி கட்டியிருந்தது. செம்மண் தூசி போகக்கூடாதென்று அப்பாவே கட்டியது. ஆயுத பூஜையன்று அதன்மேல் கெட்டியாகச் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தார், காய்ந்து ஓடாகிவிட்டது.

"அத்த அவுத்துட்டு ஒரு நடை போய்ப் பாக்கலாம்."

"சாமிக்கு வெச்சதுல நீ கைய வெப்பியா? எறங்குடா கீழ!"

எட்டு வருஷம் ஓட்டிய மனுஷன். "திருடன்னு மட்டும் சொல்லாத மொதலாளி, வேற எவனும் வண்டி குடுக்க மாட்டான்" என்று தெருவே பார்க்கக் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அப்பா அன்றைக்கே லாரி ஆபீஸ் ஒன்று விடாமல் ஏறி அதையேதான் சொன்னார்.

எனக்கு வாய் கிடையாது. மத்தியானம் அப்பா சாப்பிட்டுத் தூங்கியபோது காய் நறுக்கும் கத்தியால் அந்தத் துணியை அறுத்துச் சாக்கடையில் போட்டேன். மறுநாள் புது டிரைவர் கையில் வண்டி லோடோடு விறுவிறுவென்று மேடு ஏறியது, குழாய் சிவக்கவில்லை. இனி அண்ணனைக் கூப்பிட்டுவிடுவார் என்று வாசலில் நின்றேன். அப்பா துணியில்லாத குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நேராக டீக்கடைக்குப் போய், "திருட்டுப்பய எறங்கினான், வண்டி சரியாய்டுச்சு பாத்தியா!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் செய்தது அவருக்கே சாட்சியாகிப் போனது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

லாரி நின்ற இடத்தில் இப்போது அடுக்குமாடி. காதர் அண்ணன் குடும்பம் எங்கே போனதென்று சொல்ல அந்தத் தெருவில் ஆளில்லை. வருஷா வருஷம் அப்பாவின் திதிக்கு வருகிறவர்கள், "ஒருத்தரை ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்" என்று பாயசம் குடித்தபடி சொல்வார்கள். நானும் ஊற்றிக்கொண்டே நிற்பேன். இந்த வருஷம் நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்குத்தான் இதை எழுதியிருக்கிறேன்.