கழுதை என்று எழுதாத கார்டு

எங்கள் வீட்டில் ஒரு நாளும் கழுதை இருந்ததில்லை. கொள்ளிடக் கரையில் துணி வெளுப்பவர்களிடம் இருந்தன. முன்னங்கால்களைச் சேர்த்துக் கட்டி விட்டிருப்பார்கள். மணலில் தத்தித் தத்தி மேயும். எங்களிடம் இருந்தது அந்தச் சொல் மட்டும்தான். அப்பா அதை வைத்துக்கொண்டே பாதிக் குடித்தனத்தை நடத்தினார்.

அவருக்கு ஸ்ரீரங்கத்து வாழைத் தோட்டங்களில் கூலி வேலை. அரிவாளைக் காணோம் என்றால், இந்தக் கழுதை எங்க போச்சு என்று தேடுவார். மூன்று நாள் விடாமல் பெய்தால் மழையும் கழுதைதான். ஆடிக் காற்றில் குலை தள்ளிய மரங்கள் சாய்ந்து, தோட்டக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அப்பா பக்கத்தில் போய்க் குந்தி, "கெடக்குது கழுதை, விடுங்க" என்றார். அங்கே அது ஆறுதல். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது 'ஏழு கழுதை வயசு' ஆகிவிட்டது என்றார். என்னைவிட ஆறு வயது மூத்த அக்காவுக்கும் அதே ஏழு கழுதை வயசுதான்.

கடைத்தெருச் சலூனில் ஒரு கழுதைப் படம் மாட்டியிருந்தது. கீழே 'என்னைப் பார் யோகம் வரும்' என்று எழுதியிருக்கும். நான் படித்துச் சொன்னதும் அப்பா சிரித்தார். "எனக்கு எதுக்குடா படம்? நம்ம வீட்டுக் கழுதையத்தான் தெனமும் பாக்கறனே" என்றார்.

வீட்டுக் கழுதை என்றால் அக்கா. அப்பா அவளைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. வேலை முடிந்து வந்ததும் கழுதை சாப்பிட்டுச்சா என்றுதான் அம்மாவிடம் கேட்பார்.

கோபம் வந்தால் அந்தச் சொல் காணாமல் போய்விடும். மரியாதை வந்துவிடும். ஒருமுறை நான் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் காவிரியில் குதிக்கப் போனேன். திரும்பி வந்தபோது, வாங்க சார், உக்காருங்க என்றார். அன்று முழுக்க 'நீங்க'தான். அடித்திருந்தால்கூடத் தேவலை. மறுநாள் காலையில் எந்திரிடா கழுதை என்று குரல் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அந்தச் சொல்லை நான் வெறுத்தேன். உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா ஆசிரியர் முன் கைகட்டி நின்று, இந்தக் கழுதையை எப்படியாவது மனுசனாக்கிடுங்க சார் என்று சொல்லிவிட்டார். வராந்தாவில் நின்ற பையன்களுக்குக் கேட்டுவிட்டது. ஒரு மாதம் என் முதுகுக்குப் பின்னால் கழுதை மாதிரி கத்திக் காட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். தமிழ் வகுப்பில் கடிதம் எழுதச் சொன்னால் ஒரு கொச்சைச் சொல் இல்லாமல் எழுதுவேன். பேச்சு வழக்கு எங்கே தலைகாட்டினாலும் ஆசிரியரின் சிவப்பு மை சுழிக்கும். என் தாளில் சிவப்பே இருக்காது.

அக்கா ரயில்வேயில் ஃபிட்டராக வேலை பார்த்த ஒருவரைத் தானாகவே விரும்பினாள். வேற்றுச் சாதி. சமயபுரத்தில் மாலை மாற்றிக்கொண்டு, அவருக்கு விழுப்புரத்துக்கு மாற்றலானபோது சொல்லிக்கொள்ள வந்தாள். அப்பா கத்தவில்லை.

"போயிட்டு வாங்க" என்றார்.

அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, என்னைய வாங்க போங்கன்னு சொல்லாதப்பா."

"பெரியவங்க ஆயிட்டீங்க. போயிட்டு வாங்க."

பிறகு இரண்டு வருஷம் அவள் பேச்சே வீட்டில் இல்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த கோடையில் அப்பாவுக்கு வயிறு வீங்கிக்கொண்டே வந்தது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே கூட்டிப் போகச் சொன்னார்கள். ஒரு காலையில் கயிற்றுக் கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"கழுதைக்கு ஒரு கார்டு போடுடா."

என்ன எழுத என்று கேட்டேன்.

"கழுதை, ஒரு எட்டு வந்துட்டுப் போன்னு போடு. வேற ஒண்ணும் வேணாம். ஒடம்பப் பத்தி எழுதாத, பயந்துக்கும்."

கார்டு திறந்த தபால். தபால்காரர் படிப்பார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அத்தான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? நான் இப்படி எழுதினேன்: 'அன்புள்ள சகோதரி அவர்களுக்கு, இங்கு யாவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். தந்தையார் அவர்கள் தங்களைக் காண விரும்புகிறார்கள். தாங்கள் வசதிப்படும்போது வந்து செல்லவும்.' ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

"கழுதைன்னு போட்டியா?"

"போட்டுட்டேம்ப்பா."

அப்பா கார்டை வாங்கி, எழுத்தின் மேல் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குக் கைநாட்டுதான்.

நாலாம் நாளிலிருந்து காத்திருக்க ஆரம்பித்தார். கொள்ளிடப் பாலத்தில் ரயில் வரும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். சத்தம் நின்றால் ஸ்டேஷனில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து அக்கா நடந்து வர எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குள் ஓர் அளவு இருந்தது. அதுவரை கண் மூடமாட்டார். கரையில் கழுதை கத்தினால் அம்மா நல்ல சகுனம் என்பாள். அப்பா, "வந்துட்டா போலிருக்கு, பாருடா" என்பார். முதலில் அது கேலியாகத்தான் இருந்தது. போகப் போகக் கேலி கழன்றுவிட்டது. பாருடா மட்டும் மிஞ்சியது. நானும் ஒவ்வொரு தடவையும் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒரு மத்தியானம் கேட்டார்: "முதல்லயே போட்டியா, கடைசியில போட்டியா?"

"முதல்லயேப்பா."

இன்னொரு கார்டு எழுதியிருக்கலாம். எழுதினால் முதல் கார்டில் பொய் சொன்னதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் வந்துவிடுவாள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் முற்பகலில் அப்பா போய்விட்டார்.

தந்தி கிடைத்து அக்கா வந்தாள். அழுகை ஓய்ந்த ஒரு நாள் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தக் கார்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மூணு தடவ படிக்கச் சொன்னேன்டா. எங்கயாவது கழுதைன்னு இருக்கான்னு கேட்டேன். இல்லவே இல்லைன்னாரு. எல்லாம் தாங்கள், தங்கள்னு இருந்துச்சு. சரி, அப்பாவுக்கு இன்னும் கோவம் தீரலன்னு இருந்துட்டேன்." பிறகு கேட்டாள்: "அப்பா என்னடா சொன்னாரு?"

சொன்னேன். எழுதச் சொன்னது, எழுதியாகிவிட்டது என்று நான் சொன்னது, முதல்லயா கடைசியிலயா என்று அவர் கேட்டது எல்லாம். அவள் திட்டவில்லை. கார்டைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பியபோது நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மாவிடம், வரேம்மா என்றாள். வண்டிப் படியில் கால் வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"போயிட்டு வரேங்க."

இப்போது மன்னார்புரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். நாள் முழுக்க 'தாங்கள்', 'தங்கள்' என்று எழுதுவதுதான் வேலை. விடுமுறை நாட்களில் கொள்ளிடக் கரையில் கழுதை கத்தினால் என்னை அறியாமல் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். தெரு காலியாக இருக்கும். உள்ளே திரும்பினால் கட்டில் இருந்த இடத்தைப் பார்த்து, இல்லப்பா என்று வாய்வரை வந்துவிடும்.

மாதம் தவறாமல் அக்காவுக்குக் கார்டு போடுகிறேன். 'உன் தம்பிக் கழுதை எழுதிக்கொண்டது' என்றுதான் தொடங்குகிறேன். தபால்காரர் படிக்கட்டும். பதில் அத்தான் கையெழுத்தில் வரும்.

'தங்கள் கார்டு கிடைத்தது. இங்கு யாவரும் நலம். தாங்கள் வசதிப்படும்போது வந்து செல்லவும்.'

கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அத்தானுக்கும் ஏதோ பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியதாகவும் இருக்கலாம். எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியும். இது மட்டும் தெரியவில்லை.