வெளுத்த முட்டைகள்

பெடாஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய்ச் செம்பனை மரங்கள் முடியும் பள்ளத்தில் ஒரு சதுப்புத் துண்டு. மரம் நட்டால் அழுகிவிடும் என்று சும்மா கிடந்ததை வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் எங்களுக்கு விட்டிருந்தார். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிள் சறுக்கி என் கணவரின் கால் போன பிறகு, அங்கே தண்ணீரில் போட்டு விற்ற கங்கோங் கீரைதான் எங்களுக்குச் சோறு.

நத்தை வாய்க்காலோடு வந்திருக்க வேண்டும். கீரைத் தண்டில், தண்ணீருக்கு மேலே, ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டை. அழகாக இருக்கிறதே என்று கைப்பேசியில் படம் வேறு எடுத்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

பிஞ்சுத் தண்டுகள் காணாமல் போகத் தொடங்கியதும், பளிச்சென்றிருந்த கொத்துகளைச் சுரண்டி, அழுகட்டும் என்று தண்ணீரில் தள்ளினேன். நிறம் வெளுத்தவை செத்த முட்டை என்று நினைத்து அவற்றைத் தொடவில்லை. வெளுத்தால் நாளையோ மறுநாளோ பொரிக்கும் என்று பக்கத்து வயல் மலாய்க்காரர் பிறகுதான் சொன்னார். பொரிக்கப் போனதையெல்லாம் நானே பத்திரமாக விட்டுவைத்திருந்தேன்.

மிளகளவு குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்தில் வளர்ந்து, அவையும் முட்டையிடத் தண்டேறின. பொறுக்கிப் பொறுக்கி என் இடுப்பு விட்டுப்போனது. வெறும் தண்ணீரைப் பார்த்த மண்டோர், தீபாவளிக்குள் பச்சை தெரியாவிட்டால் மேனேஜர் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாய்க்காலை அடைத்து நிலத்தைக் காயப்போட்டோம். நல்லவேளையாக மழையில்லை. ஆறு வாரத்தில் சேறு பாளம் பாளமாக வெடித்தது. வாய் மூடிக் கிடந்த ஓடுகளின்மேல் வேண்டுமென்றே மிதித்து நடந்தேன்.

"எல்லாம் செத்துருச்சு லா," என்றேன். என் கணவர் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

புதுத் தண்டு நட்டுத் தண்ணீர் விட்டோம். மறுநாள் காலை, ஓட்டின் மூடியைத் திறந்துகொண்டு சேற்றுக்குள்ளிருந்து நத்தைகள் வந்துகொண்டே இருந்தன. தண்ணீர் வரும்வரை உள்ளே தூங்கியிருக்கின்றன, பாவிகள். மூன்றாம் நாள் ஒரு தண்டுகூட மிச்சமில்லை. தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

முழங்கால் தண்ணீரில் குனிந்து, அழுதுகொண்டே வாளியில் பொறுக்கிப் போட்டேன். பயனில்லை என்று தெரியும். கை நிற்கவில்லை.

கரையில் ஊன்றுகோலோடு நின்றவர், "போதும், ஏறி வா. வேற எங்கயாச்சும் போட்டுக்கலாம்," என்றார்.

"வேற எங்கங்க?"

அவர் ஊன்றுகோலைப் புல்லில் கிடத்திவிட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து சேற்றில் இறங்கினார். அந்தக் காலோடு வேண்டாம் என்று தடுக்காமல், வாளியை அவர் பக்கம் தள்ளினேன்.